ஒற்றை ஆளுக்கு எத்தனை பட்டை?

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழக்கமான பயணம்தான். விடிந்ததும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, நாச்சியாரைச் சேவித்துவிட்டு வந்து கடையைத் திறப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். நல்ல காற்று. ரோட்டில் அதிகம் வண்டி இல்லை.

இடது பக்கம் ஒரு சத்தம். டொக்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும். டொக்... டொக்.

என் அம்பாசடரைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே எழுதியிருக்கிறேன். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீட்டில் எங்களோடு சேர்ந்து அதற்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அதனால் சத்தம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என் முழங்காலிலும்தான் சத்தம் வருகிறது. ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டாமா?

அங்கேதான் சிக்கல். ஓட்டுகிறவனுக்குச் சத்தம் கேட்கும், இடம் தெரியாது. முன் சக்கரமா, பின் சக்கரமா, கதவா, டிக்கியா? நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இடது ஜன்னல் பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்துப் பார்த்தேன். வண்டியும் என்னோடு சேர்ந்து சாய்ந்தது. எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்:

"ஏ பெரிசு! படுத்துக்கிட்டா ஓட்டுதீரு?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. என் வீட்டுக்காரி ரெங்கநாயகி சொல்லிவிடுவாள். பின் சீட்டில் இடது ஓரம் அவளுடைய இடம். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது அவளுக்கு. பெட்ரோல் எந்தப் பக்கம் ஊற்றுகிறார்கள் என்றுகூடக் கவனித்திருக்க மாட்டாள். ஆனால் காது அப்படிப்பட்ட காது! "ஏங்க, என் காலுக்கு முன்னால என்னமோ முனங்குது. போன வாரம் இது இல்ல" என்பாள். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் சரியாக அங்கேதான் ஏதாவது தேய்ந்திருக்கும்.

அவள் இப்போது பூனாவில் இருக்கிறாள்.

கோபித்துக்கொண்டு போகவில்லை, பயப்படாதீர்கள். மகள் விஜயாவின் பிரசவத்துக்குப் போனவள். பிள்ளைக்குத் தலை நின்றதும் வந்துவிடுகிறேன் என்றாள். தலை நின்றது. பிறகு தவழட்டும் என்றாள். பிறகு நடக்கட்டும் என்றாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை யாரிடம் விடுவது? நியாயம்தான். நடுவில் கல்யாணத்துக்கும் கருமாதிக்குமாக வந்து, போட்ட காப்பி ஆறுவதற்குள் ரயிலேறிவிடுவாள். பேத்திக்கு இப்போது பால் பல் விழ ஆரம்பித்துவிட்டது.

நானும் ஒரு தடவை பூனாவுக்குப் போய் இருந்து பார்த்தேன். நாலாவது மாடி. கீழே இறங்கினால் பேச எனக்குப் பாஷை இல்லை. பெருமாளுக்கு விளக்குப் போடவும், பேண்டேஜ் துணிக் கடையைத் திறக்கவும் ஊரில் ஆள் வேண்டும் என்று திரும்பிவிட்டேன். அது ஒரு சாக்கு என்று நினைக்கிறீர்களா? இருக்கலாம்.

சத்தத்துக்கு வருகிறேன்.

மறுநாள் காலையில் வாசலில் நானே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். மட்கார்டை இரண்டு கையாலும் அமுக்கி விட வேண்டும். வண்டி ஒரு தடவை எழும்பி அடங்கினால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. இது எனக்குத் தெரியும். ஆனால் அமுக்குகிறவன் மேலே நிற்கிறான், சத்தம் கீழே வருகிறது. அமுக்கிவிட்டு ஓடிப்போய்க் குனிந்தால், அதற்குள் வண்டி அடங்கிவிடும். மறுபடி எழுந்து அமுக்கு, மறுபடி ஓடு, குனி...

எதிர் வீட்டுத் தெலுங்குக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஏமண்டி, காலங்காத்தால எக்சர்சைஸா?"

"வண்டியில சத்தம்."

"சத்தம் வண்டியிலயா, உங்க இடுப்புலயா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

வண்டியை ஞானராஜிடம் கொண்டுபோனேன்.

ஞானராஜ் பட்டறை ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்துதான் ஸ்பேனரைத் தொடுவான். எனக்கு அதனாலேயே அவனைப் பிடிக்கும். யார் சந்நிதியானால் என்ன, முதலில் சாமியைக் கும்பிட்டுவிட்டு வருகிற கை நல்ல கைதானே?

அவன் இடது முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினான். ஆடியது. உடனே வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"ஏட்டி எஸ்தரு! செத்த வா!"

"உலை கொதிக்கு. பொறவு வாரேன்" என்று உள்ளேயிருந்து பதில்.

"உலை கொதிச்சாக் கொதிக்கட்டும். அண்ணாச்சி வண்டி அந்தரத்துல நிக்கு!"

அவன் மனைவி எஸ்தர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி" என்றாள். ஏதோ அவளுடைய சொந்தக் கார் மாதிரி கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"நல்லா மிதிட்டி!"

"இதுக்கு மேல மிதிச்சா என் காலு தரைக்குப் போயிரும்."

"சரி, விடு... இப்பத் திரும்ப மிதி. பாத்தீகளா அண்ணாச்சி, பிரேக்கை மிதின்னா கிளட்சை மிதிக்கா!"

"கல்யாணம் ஆன நாள்லருந்து இதைத்தான மிதிச்சிட்டிருக்கேன்? எது பிரேக்குன்னு எனக்குத் தெரியாதா? நீரு கீழ ஒழுங்காப் பாரும்!"

விஷயம் இதுதான். பிரேக்கை மிதித்ததும் சக்கரத்தின் ஆட்டம் நின்றுவிட்டால், தேய்ந்தது பேரிங். மிதித்த பிறகும் ஆடினால், உள்ளே புஷ் என்கிற வளையம் போய்விட்டது. ஒரு ஆள் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். ஒரு ஆள் கீழே உட்கார்ந்து ஆட்ட வேண்டும். தனி ஆளாகக் கண்டுபிடிக்கவே முடியாது என்றில்லை. ஆனால் ரொம்பக் கஷ்டம்.

எஸ்தர் மிதித்த பிறகும் சக்கரம் ஆடியது.

"புஷ்ஷு" என்றான் ஞானராஜ்.

"இதுக்குத்தானா என்னைய உலையில இருந்து இழுத்தீரு?" என்று எழுந்து போனாள்.

நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் என் வண்டி என்பதே எனக்கு மறந்துபோயிற்று. எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். வண்டிக்கு மட்டும்தானா? காய்ச்சல் அடிக்கிறதா என்று நம் நெற்றியை நாமே தொட்டுப் பார்த்தால் தெரிகிறதா என்ன?

புஷ் மாற்றியாயிற்று. டொக் சத்தம் நின்றது.

ஆனால் நிம்மதி வரவில்லை. புதுசாக ஒன்று தெரிய வந்தது — ஒரு வேளை முன்பே இருந்து, டொக்கில் மறைந்திருந்ததோ என்னவோ. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டியின் பின்பக்கம் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மேலே தலை இடிக்காத குறை. திரும்பவும் பட்டறைக்குப் போனேன். பின்பக்க ஷாக்கைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ஒரு புஷ் உலர்ந்திருக்கிறது என்று அதையும் மாற்றினான். அப்படியும் தூக்கிப் போட்டது.

மூன்றாவது முறை போனபோது ஞானராஜ் வண்டியைத் தொடவே இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தான்.

"அண்ணாச்சி, இம்புட்டு நாளா அடியிலயே படுத்துப் பாத்துட்டேன். தள்ளி நின்னு பாக்காம விட்டுட்டேன். இங்க வாங்க. பின்னாடி எப்படித் தூக்கிட்டு நிக்கு பாத்தீகளா?"

பார்த்தேன். கோழி குனிந்து மேய்கிற மாதிரி, பின்பக்கம் தூக்கலாகத்தான் நின்றது.

"கூடப் பட்டை போட்டிருக்கு. பக்கத்துக்கு ஒண்ணு. யாரு போட்டா?"

நான்தான் போட்டேன்.

கமான் பட்டை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில், வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதுதான். பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில் ஆடிப்பூரத் தேர் என்றால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு படையே கிளம்பும். என் அப்பா, அம்மா, நாங்கள் இருவர், இப்போது வெளிநாட்டில் இருக்கிற மகன், மகள், கூமாப்பட்டியிலிருந்து ரெங்கநாயகியின் தங்கையும் அவள் பிள்ளைகளும், எல்லோர் மடியிலும் ஒரு புளியோதரைத் தூக்கு. வண்டி அடி தட்டிக்கொண்டே போகும். ரெங்கநாயகிதான் சொன்னாள்: "இன்னும் ரெண்டு இரும்பைக் கட்டி வைக்கச் சொல்லுங்களேன். எங்க வீட்டு ஆளுகளும் தயங்காம ஏறுவாக." அப்படிப் போட்டது. வீட்டில் அதற்குப் பெயரே 'அவ பட்டை'.

ஞானராஜ் பீடியை அணைத்தான்.

"இது கல்யாணத்துக்குப் போற வண்டி அண்ணாச்சி. நீங்க ஒத்தையாப் போறீக. சொமை ஏறினாத்தான் இந்தப் பட்டை வளையும். ஒத்தை ஆளுக்கு வளையாது. வளையலன்னா தூக்கித்தான் போடும். ரெண்டு பட்டையையும் உருவி எடுத்துட்டு, வண்டியை எறக்கிருவோமா?"

"வேண்டாம்."

சட்டென்று சொல்லிவிட்டேன். எனக்கே குரல் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

"ஆடிக்கு எல்லாரும் வருவாக. அப்பம் வேணும்."

"போன ஆடிக்கும் வருவாகன்னுதான சொன்னீக?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு இரும்புத் துண்டுக்கு இவ்வளவு வீம்பா என்று நினைப்பீர்கள். அதை உருவிவிட்டால் என்ன அர்த்தம்? இனிமேல் இந்த வண்டியில் ஏற ஆள் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? வீட்டில் அவள் துணி காயப்போடுகிற கொடிக்கயிறுகூட அப்படியேதான் இருக்கிறது. என் ஒரு வேட்டிக்கும் துண்டுக்கும் அவ்வளவு நீளம் எதற்கு? எதற்கும் இல்லை. இருக்கட்டும் என்று இருக்கிறது.

ஒரு நாள் கடைக்குத் துணி பேல் ஏற்றிக்கொண்டு வந்தபோது வண்டி பஞ்சு மாதிரி ஓடியது. ஆகா! சுமை இருந்தால் சரியாக ஓடுகிறது. உடனே ஒரு யோசனை வந்தது. வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு, ஒரு சாக்கில் மணல் அள்ளி, டிக்கியில் வைத்துக்கொண்டேன். மணல் மூட்டையோடு சனிக்கிழமை தோறும் நாச்சியாரைச் சேவித்து வந்தேன். தூக்கிப் போடவில்லை. பட்டையும் இருக்கிறது, சுகமும் இருக்கிறது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வழியில் பஞ்சருக்காகப் பட்டறையில் நிறுத்தினேன். ஸ்டெப்னி எடுக்க ஞானராஜ் டிக்கியைத் திறந்தான். அப்படியே நின்றான்.

"எஸ்தரு! இங்க வந்து பாரு. அண்ணாச்சி வீடு கட்டப் போறாக!"

விஷயத்தைச் சொன்னேன். ஞானராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எஸ்தர் சிரிக்கவில்லை. மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மதினி எப்ப வாராக அண்ணாச்சி?"

"வருவா."

"எப்பன்னு கேட்டேன்."

நான் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினேன். அவள் புருஷனைப் பார்த்து, "பல்லைக் காட்டிட்டு நிக்காதயும், பஞ்சரைப் பாரும்" என்று அதட்டிவிட்டு உள்ளே போய், எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, ஆடிப்பூரத்துக்கு வருகிறாயா என்று ரெங்கநாயகியிடம் கேட்டேன்.

"பிள்ளைக்கு ஸ்கூல் இருக்குங்க. இவளுக்கு லீவு கெடைக்காதாம். தைக்குப் பாக்கலாம்" என்றாள். பிறகு, "சாப்பிட்டீகளா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வேறென்ன பேசுவது? வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"எறக்கிரு ஞானராஜு."

அவன் ஒன்றும் கேலி பேசவில்லை. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, யு போல்ட்டுகளை அவிழ்த்து, அடுக்கிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டைகளை உருவினான். துருவும் மண்ணும் அப்பிக் கிடந்தது. மிச்சப் பட்டைகளை அடுக்கிக் கட்டி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினான். வண்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி கீழே உட்கார்ந்தது. சமமாக, லட்சணமாக நின்றது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவே இல்லை.

"பழைய சாமானை என்ன செய்ய அண்ணாச்சி? காயலான் கடைக்குப் போட்டுரவா?"

"டிக்கியில வை."

"எறக்கினதைத் திரும்ப வண்டியிலயே ஏத்திட்டுப் போறவுகளை இப்பத்தான் பாக்கேன்" என்றான். ஆனால் வைத்தான். மணலைப் பட்டறை ஓரத்தில் கொட்டிவிட்டுச் சாக்கை மடித்துக் கொடுத்தான். "இதைப் பட்டையில சுத்தி வைங்க. இல்லன்னா கடகடன்னு சத்தம் போடும்."

வண்டி நன்றாக ஓடியது. குறை சொல்லவே முடியாது. டொக் இல்லை, குதிப்பு இல்லை. அந்த வாரம் நாச்சியார் சந்நிதியில் நின்றபோது எதையும் கேட்கத் தோன்றவில்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்து என்ன நினைத்தாளோ?

நினைத்தாள்! ஆடி பிறந்ததும் கடைக்குப் போன் வந்தது. மருமகனின் அப்பா அம்மாவுக்குத் தேர் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசையாம். எப்படியோ லீவு வாங்கி, டிக்கெட்டும் எடுத்தாயிற்றாம். எல்லோரும் புறப்பட்டு வருகிறார்கள்!

ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். ரெங்கநாயகி, மகள், மருமகன், சம்பந்தி, சம்பந்தியம்மாள், பேத்தி, பெட்டிகள், ஒரு கூடை... கடைசியில் நான் ஏறி உட்கார்ந்ததும் வண்டி போய்த் தரையைத் தொட்டுவிடும் போல் இருந்தது. ஸ்டேஷனைத் தாண்டி முதல் ஸ்பீடு பிரேக்கர். கர்ர்ர்ர்ர் என்று சைலன்சர் உரசிய சத்தம் எங்கள் பற்களில் கேட்டது.

"தாத்தா, கார் அழுவுது!" என்றாள் பேத்தி.

அழவில்லை கண்ணே. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை மாதம் சத்தம் வேண்டாம் என்று அலைந்தவன், அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்க மாட்டோமா என்று அடுத்த ஸ்பீடு பிரேக்கரை எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மருமகன் பொறுக்க மாட்டாமல், "மாமா, நாங்க இறங்கிக்கிறோம்" என்றார். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் ஆண்கள் இறங்குவது, வண்டி ஏறி இறங்கியதும் ஓடிவந்து ஏறிக்கொள்வது. பேத்தியும் ஒவ்வொரு தடவையும் சேர்ந்து இறங்கினாள்.

தேர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டத்தைக் கேட்க வேண்டுமா? வண்டியைத் தள்ளி ஒரு வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, நடந்து போய்த் தேரைச் சேவித்தோம். பிறகு மற்றவர்கள் வளையல் கடைப் பக்கம் போனார்கள். ரெங்கநாயகிக்கு முழங்கால் வலி. அவளும் நானும் வண்டிக்குத் திரும்பினோம். அவள் பின் சீட்டில், இடது ஓரம். நான் முன்னால். ஆளுக்கொரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"பட்டையை எடுத்துட்டீக" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஏறும்போதே தெரிஞ்சிருச்சு. இப்பத்தான் ஏற வசதியா இருக்கு. முன்னல்லாம் ஏணி வைக்காத குறை."

"அப்பமே சொல்லிருக்கலாம்ல?"

"நானே கேட்டுப் போடச் சொல்லிட்டு, பொறவு எந்த வாயால சொல்ல?"

தேர்ச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

"நான் வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டீகளோ?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் குரல் விளையாட்டாக இல்லை.

"வண்டி தூக்கிப் போட்டுச்சு."

"ஒத்தையாப் போனாத் தூக்கிப் போடத்தான் செய்யும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்க மட்டும் என்ன? ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போயிருவாக. பிள்ளை ஸ்கூலுக்குப் போயிரும். சாயந்திரம் வரைக்கும் அந்தப் பிரிட்ஜுதான் எங்கூடப் பேசும். கொஞ்சம் பேசும், நின்னுக்கிடும். திரும்பப் பேசும்."

எனக்கு அது தெரியாது. அவள் அங்கே நிறைந்த வீட்டில் இருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"இங்கயே வந்துரு" என்றேன். அப்படி அவளை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போகிறவளைத் தடுத்ததும் இல்லை, வா என்று வாய் திறந்து கூப்பிட்டதும் இல்லை. எப்போது வருகிறாய் என்றுதான் கேட்டிருக்கிறேன். அது வேறு, இது வேறு இல்லையா?

அவள் தெருப் பக்கம் பார்த்தாள். பேத்தி இரண்டு கை நிறைய வளையலோடு ஓடி வருவது தெரிந்தது.

"பிள்ளை இன்னுஞ் செத்த பெருசாகட்டும்ங்க" என்றாள்.

வந்தவர்கள் புறப்படுகிற நாளும் வந்தது. ஸ்டேஷனுக்குப் போகும்போது, சம்பந்தியம்மாளைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, ரெங்கநாயகி முன் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வளைவில் வண்டி திரும்பியது. அவள் தலையைச் சாய்த்தாள். அந்தக் காது!

"டிக்கியில என்னமோ இரும்பு இருக்கு. பெட்டிக்கு அடியில."

"ஒம் பட்டைதான்."

"அதையா சொமந்துட்டுத் திரியுறீக? தூரப் போடுங்களேன்."

"கெடக்கட்டும். திரும்ப மாட்டும்போது வேணும்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டேஷன் வரை அப்படியேதான் இருந்தாள். ரயில் நகரும்போது கம்பி வழியாகக் கையை நீட்டி, "ஏறதுக்கு ஒரு முக்காலி வாங்கி வைங்க. அது இல்லாம அந்த உசரத்துல என்னால ஏற முடியாது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தேதி சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திரும்பி வரும்போது ஸ்பீடு பிரேக்கர் ஒன்றுகூட உரசவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. போன சனிக்கிழமை சக்கரத்துக்குக் காற்றுப் பிடிக்கப் பட்டறையில் நிறுத்தினேன். ஞானராஜ் காதைத் தீட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, அந்த ரெண்டு பட்டையும் டிக்கியில ஒண்ணோட ஒண்ணு இடிச்சிட்டே வருது. நாந்தான் அன்னைக்கே சாக்கு கொடுத்தேன்ல, சுத்தலையா?"

முக்காலி வாங்கிவிட்டேன். தேக்கு. நல்ல கனம். சாக்கும் டிக்கியிலேயேதான் இருக்கிறது... சுற்றத்தான் மனம் வரவில்லை.